யார் அப்பன் வீட்டுக் காடு?

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர் ஒருவர் இருக்கிறார். நல்ல மனிதர். காலையில் பால் வாங்கப் போகிற வழியில் என்னைப் பார்த்துவிட்டால், அன்றைய பத்திரிகையைப் பற்றி நாலு வார்த்தை பேசாமல் நகரமாட்டார். ஒருநாள் சத்தீஸ்கரில் நிலக்கரிக்காகக் காடு வெட்டுகிற செய்தி வந்திருந்தது. நான் சற்று வருத்தத்தோடு அதைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"இதிலே வருத்தப்பட என்ன ஸார் இருக்கு? பட்டா நிலத்தைப் பிடுங்கினாங்கன்னா பாவம்னு சொல்லலாம். இது கவர்ன்மென்ட் காடு. கவர்ன்மென்ட் வெட்டுது. யார் அப்பன் வீட்டுச் சொத்து போச்சு?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. கதை எழுதுகிறவனுக்கு நடுத்தெருவில் பதில் வராது. வீட்டுக்கு வந்து பேனாவைத் திறந்த பிறகுதான் வரும். அன்று நான் சொல்லாமல் விட்ட பதில்தான் இது. அவருக்கு மட்டுமல்ல. அவர் கேட்ட கேள்வியை மனசுக்குள் கேட்டுக்கொண்டு பத்திரிகையின் அடுத்த பக்கத்தைப் புரட்டுகிற நம் எல்லோருக்குமாகச் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழைய கதை. என் தாத்தா கர்ணமாக இருந்தவர். 1980-ல் தமிழ்நாட்டில் அந்தப் பரம்பரை உத்தியோகம் ஒழிக்கப்பட்டது. உத்தியோகம் போயிற்றே தவிர, கணக்கு அவர் நாக்கை விட்டுப் போகவில்லை. நான் சிறுவனாக இருந்தபோது திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, சர்வே நம்பர்களை ஸ்லோகம் போல ஒப்பிப்பார். நஞ்சை இவ்வளவு, புஞ்சை இவ்வளவு, புறம்போக்கு இவ்வளவு. "புறம்போக்கு என்றால் என்ன தாத்தா?" என்று கேட்டேன். "தீர்வைக் கணக்குக்கு வெளியே நிற்கிற நிலம்டா. சர்க்காருக்கு அதிலே வரி கிடையாது" என்றார்.

அவ்வளவுதான் அந்த வார்த்தைக்கு அர்த்தம். வரி வராத நிலம். ஆனால் அது வெறும் புறம்போக்காக என்றைக்கும் எழுதப்பட்டதில்லை என்பதைப் பின்னால்தான் கவனித்தேன். முன்னால் ஒரு பெயர் கட்டாயம் ஒட்டிக்கொண்டிருக்கும். மேய்ச்சல் புறம்போக்கு, ஏரிப் புறம்போக்கு, களத்துப் புறம்போக்கு, வண்டிப்பாதைப் புறம்போக்கு, சுடுகாட்டுப் புறம்போக்கு! மாடு மேய, நீர் நிற்க, நெல் அடிக்க, வண்டி போக, கடைசியில் பிணம் எரிய. ஒரு கிராமம் உயிரோடிருப்பதற்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அந்த ஒரு தலைப்பின் கீழே இருந்தது. அதைத்தான் நாம் வசவுச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். உருப்படாத பிள்ளையை "புறம்போக்கு" என்று திட்டுகிறோம்.

எங்கள் ஊர் மேய்ச்சல் புறம்போக்கு ஒருநாள் போயிற்று. ஏதோ தொழிற்கூடம் வரப்போகிறது என்று கம்பி வேலி போட்டார்கள். அதை ஒட்டிக் கால் ஏக்கர் புஞ்சை வைத்திருந்த என் மாமாவுக்குச் செக் வந்தது. பல வருஷமாக அதில் ஒரு வெள்ளாமையும் அவர் செய்ததில்லை. அந்த மேய்ச்சல் நிலத்தில் நாற்பது வருஷமாகப் பன்னிரண்டு ஆடுகளை மேய்த்து, மூன்று பெண்களைக் கட்டிக் கொடுத்த ஆட்டுக்காரப் பாட்டிக்கு ஒன்றும் வரவில்லை. அவளிடம் பட்டா இல்லையே! ஒரு மாசத்தில் ஆடுகளை விற்றாள். வேலிக்கு வெளியே வெகு நேரம் உட்கார்ந்திருப்பாள். நான் அப்போது கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். பஸ்ஸில் அவளைக் கடந்து போவேன். 'ஊர் முன்னேறுகிறது' என்று நினைத்தேன். அந்த நினைப்புக்காக இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இனி ஹஸ்தேவுக்கு வருகிறேன். ஊர் வேறு, பாஷை வேறு, கணக்கு ஒன்றேதான்.

ஹஸ்தேவ் அரண்ட் என்பது சத்தீஸ்கர் மாநிலத்தின் வடக்கே கோர்பா, சர்குஜா, சூரஜ்பூர் ஜில்லாக்களில் பரந்து கிடக்கும் காடு. சுமார் 1,70,000 ஹெக்டேர். ஒரு ஹெக்டேர் என்பது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். நெருங்கி நிற்கும் சால மரங்கள், யானைகள், கோண்டு, ஓராவோன் முதலிய ஆதிவாசி ஜனங்கள். மகாநதியோடு போய்க் கலக்கிற ஹஸ்தேவ் ஆற்றுக்கு நீர் சுரந்து கொடுப்பது இந்தக் காடு. கீழே பாங்கோ அணை. அதன் வாய்க்கால்களில் ஜாஞ்ச்கீர் பக்கத்து நெல் வயல்கள். இதே சர்குஜாவில் உதயபூருக்குப் பக்கத்தில் ராம்கட் மலை இருக்கிறது. காளிதாசனின் யக்ஷன் மேகத்தைத் தூது விட்ட ராமகிரி இதுதான் என்று சொல்கிறவர்கள் உண்டு. நாகபுரிக்கு அருகிலுள்ள ராம்டேக்தான் என்போரும் உண்டு. அந்த வழக்கைப் பண்டிதர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். காட்டுக்குக் கீழே நிலக்கரி இருக்கிறது என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை. 23 சுரங்கத் துண்டுகளாக அதைக் கோடு போட்டுப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

2010-ஆம் வருஷ வாக்கில் சுற்றுச்சூழல் அமைச்சகமும் நிலக்கரி அமைச்சகமும் சேர்ந்தே ஒரு பட்டியல் தயாரித்தன. அதில் இந்தக் காடு முழுவதும் 'நுழையக் கூடாத பகுதி' என்று குறிக்கப்பட்டது. அடுத்த வருஷமே கதவு திறந்தது. வன ஆலோசனைக் குழு வேண்டாம் என்றது. 2011 ஜூனில் அப்போதைய மந்திரி ஜெய்ராம் ரமேஷ் அந்த யோசனையைத் தள்ளிவிட்டு, பர்ஸா கிழக்கு - கேதே பாஸன் என்ற சுரங்கத்துக்குச் சம்மதம் கொடுத்தார். அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, இது காட்டின் விளிம்பில்தான் இருக்கிறது என்பது.

விளிம்பு! இந்த வார்த்தையைச் சற்று யோசித்துப் பாருங்கள். வேட்டியின் கரையைக் கிழித்துவிட்டால் அதற்கு அடுத்த நூல்தான் கரை. காட்டின் ஓரத்தை வெட்டினால் நேற்று நடுவில் இருந்த மரம் இன்று ஓரத்து மரம். இந்த நியாயத்தை வைத்துக்கொண்டு எந்தக் காட்டையும் கடைசி மரம் வரைக்கும் ஓரமாகவே வெட்டித் தீர்க்கலாம்.

அப்படித்தான் நடந்தும் வருகிறது. முதற் சுரங்கத்தில் 1,898 ஹெக்டேர் வனநிலம். முதற் கட்டமாக 762 ஹெக்டேரைத் தோண்டிப் பதினைந்து வருஷம் ஓட்டுவது, பிறகே மற்றதைத் தொடுவது என்பது ஏற்பாடு. 2013-ல் தோண்டத் தொடங்கினார்கள். 2022-லேயே மீதி 1,136 ஹெக்டேருக்கு அனுமதி கொடுத்தாயிற்று! நடுவே 2014 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அந்த வன அனுமதியையே ரத்து செய்தது. அடுத்த மாசம் சுப்ரீம் கோர்ட், வேலை தொடரலாம் என்றது. வழக்கு நடந்துகொண்டிருந்தது, மண்வாரி இயந்திரமும் நடந்துகொண்டிருந்தது. இரண்டில் எது வேகமாகப் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் பர்ஸா என்று இன்னொரு துண்டு, 841 ஹெக்டேர் வனநிலம். அடுத்தது கேதே எக்ஸ்டென்ஷன்: 1,700 ஹெக்டேருக்கு மேல், கிட்டத்தட்ட முழுவதும் காடு. அதைச் சுரங்கத்துக்கு விடலாம் என்று 2025-ல் அந்த மாநில வனத்துறையே பரிந்துரை செய்தது. காவல்காரனே கதவைத் திறந்துவிட்டால் திருடனை என்ன சொல்வது?

கேதே என்று ஒரு கிராமம் இருந்தது. முதற் சுரங்கம் அதை விழுங்கிவிட்டது. ஊர் போயிற்று, பெயர் மட்டும் சுரங்கத்துக்குப் போயிற்று. இப்போது அந்தப் பெயருக்குக் கூட 'எக்ஸ்டென்ஷன்' கேட்கிறார்கள்!

சரி, 'கவர்ன்மென்ட் காடு' என்றாரே என் நண்பர், அந்தக் காட்டில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பங்குனி, சித்திரையில் அங்கே இலுப்பைப் பூ உதிரும். ராத்திரியெல்லாம் உதிரும், விடியுமுன்னே பெண்களும் குழந்தைகளும் கூடையோடு போய்ப் பொறுக்குவார்கள். 'ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை' என்று நாம் கேலியாகச் சொல்வது அவர்களுக்குக் கேலியல்ல, வருஷச் சம்பளம். கோடையில் பீடி சுற்றுகிற தெண்டு இலை. பிறகு சால விதை, சாரைப் பருப்பு, காளான், கிழங்கு, விறகு, மூலிகை. இவற்றுக்கெல்லாம் ரசீது கிடையாது. ரசீது இல்லாத வருமானம் எந்த நஷ்ட ஈட்டுக் கணக்கிலும் ஏறாது. ஒரு குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் பட்டா நிலம் இருந்தால் அதற்கு விலை போடுவார்கள். அந்த இரண்டு ஏக்கரை வைத்துக்கொண்டு அது பிழைத்ததே, அது பின்னால் இருந்த காட்டின் பலத்தில் அல்லவா? அந்தக் காட்டுக்கு அவர்களிடம் விலை பேசுவதில்லை. எங்கள் ஆட்டுக்காரப் பாட்டியின் கதைதான், ஆயிரம் மடங்காக.

சட்டம் ஒன்றும் செய்யவில்லையா என்றால், செய்தது. 2006-ல் வன உரிமைச் சட்டம் வந்தது. தலைமுறை தலைமுறையாகக் காட்டை ஆண்டு அனுபவித்த கிராமத்துக்கு அந்தக் காட்டின் மேல் சமூக உரிமை உண்டு என்று அது ஒப்புக்கொண்டது. காட்பர்ரா என்ற கிராமத்துக்கு 2013-ல் அந்த உரிமைப் பத்திரமும் கிடைத்தது. 2016 ஜனவரியில் ஜில்லா நிர்வாகம் அதை ரத்து செய்தது. அந்தப் பத்திரத்தைக் காட்டி ஜனங்கள் சுரங்க வேலைக்குத் தடை செய்கிறார்கள் என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. பூட்டைக் கொடுத்தோம், பூட்டிக்கொண்டார்களே என்று கோபம்! தடுக்க முடியாத உரிமைக்கு உரிமை என்று ஏன் பெயர் வைத்தார்கள்?

ஜனங்கள் சும்மா இருந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. 2014, 2015-ல் சுமார் இருபது கிராம சபைகள் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டன. பர்ஸாவுக்கு எங்கள் கிராம சபை சம்மதித்ததாகக் காட்டப்பட்ட காகிதம் போலி என்று புகார் சொல்லிக்கொண்டு, 2021 அக்டோபரில் பதேபூரிலிருந்து ராய்ப்பூருக்கு 300 கிலோமீட்டர் நடந்தார்கள். 2022 ஜூலையில் சத்தீஸ்கர் சட்டசபையே, ஹஸ்தேவில் கொடுத்த சுரங்க ஒதுக்கீடுகளை ரத்து செய்யுங்கள் என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. இதற்கு மேல் யார் சொல்ல வேண்டும்?

"மரம் வெட்டினால் வேறிடத்தில் மரம் நடுகிறார்களே" என்பார்கள். நடுகிறார்கள். வேறொரு ஜில்லாவில், வேறொரு மண்ணில், வரிசை வரிசையாக, ராணுவப் பயிற்சி மாதிரி. சால மரத்தை நாற்றங்காலிலிருந்து எடுத்து நட்டு வளர்ப்பது எவ்வளவு கடினம் என்பது வனத்துறைக்காரர்களுக்கே தெரியும். தோட்டம் வேறு, காடு வேறு. தாயை இழந்த குழந்தையிடம், "கவலைப்படாதே, பக்கத்து ஜில்லாவில் பத்துப் பெண்களுக்குச் சம்பளம் போட்டிருக்கிறோம்" என்று சொல்வது போலத்தான் இது. தோண்டிய இடத்தையும் மூடித் தருகிறோம் என்கிறார்கள். திறந்தவெளிச் சுரங்கத்தில் ஒரு டன் நிலக்கரி எடுப்பதற்கு அதைப்போலப் பல மடங்கு மண்ணையும் பாறையையும் தூக்கி எறிய வேண்டும். மேலே இருந்த மண் கீழே போகும், கீழே இருந்த பாறை மேலே வரும். ஊற்றுக்கண் எந்தப் பக்கம் இருந்தது என்பதை எந்த இஞ்சினியரும் திருப்பி வைக்க முடியாது. காவிரிக்குக் குடகு எப்படியோ, அந்த வயல்களுக்கு ஹஸ்தேவ் காடு அப்படி. தலையைத் தோண்டிவிட்டு வாய்க்காலுக்குச் சிமெண்டு பூசி என்ன பிரயோஜனம்?

அப்புறம் யானை. இந்திய வனவிலங்கு நிறுவனம் 2021-ல் ஓர் அறிக்கை தந்தது. நாட்டில் உள்ள யானைகளில் மிகச் சிறு பங்குதான் சத்தீஸ்கரில் இருக்கிறது. ஆனால் யானையால் சாகிற மனிதர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு மேல் அந்த மாநிலத்துக்காரர்கள். மிஞ்சியிருக்கும் காட்டையும் உடைத்தால் இந்த மோதல் புதிய இடங்களுக்குப் பரவும், சர்க்காரால் சமாளிக்க முடியாது என்று அந்த அறிக்கை எச்சரித்தது. ஆக, சுரங்கத்தின் எல்லை அதன் வேலியோடு நிற்பதில்லை. ஐம்பது மைலுக்கு அப்பால் ஒருவன் ராத்திரி தன் நெற்பயிருக்குக் காவல் கிடக்கும்போது அவன் தலைமேல் வந்து நிற்கிறது. அவனும் எந்தப் பட்டியலிலும் இல்லை.

இங்கே நம் வீட்டுக் கதை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2023 மார்ச் கடைசியில் மத்திய நிலக்கரி அமைச்சகம் ஏலம் விட்ட பட்டியலில் காவிரிப் படுகையைச் சேர்ந்த மூன்று பழுப்பு நிலக்கரித் துண்டுகள் இருந்தன: வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே ஒன்று. தமிழ்நாடே கொதித்தது. 2020-ல் நாம் இயற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை எடுத்துக் காட்டினோம். முதலமைச்சர் பிரதமருக்கு எழுதினார். கட்சி பேதம் இல்லாமல் எல்லோரும் எதிர்த்தார்கள். ஏப்ரல் 8-ஆம் தேதி மூன்றையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். பத்தே நாள்! நானும் சந்தோஷப்பட்டேன். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான்.

ஆனால் அன்று என் மனசில் ஒரு முள்ளும் தைத்தது. நமக்குப் பத்து நாளில் கிடைத்தது, பத்து வருஷத்துக்கு மேல் கத்தியும் ஹஸ்தேவுக்கு ஏன் கிடைக்கவில்லை? தஞ்சாவூர் வயல் என்றால் எல்லோருக்கும் கண்ணில் நெல் தெரிகிறது. ஒவ்வொரு வயலுக்கும் ஒரு சொந்தக்காரன், அவனுக்கு ஓர் ஓட்டு, ஒரு சங்கம், ஒரு பத்திரிகை இருக்கிறது. காடு என்றால் காலி இடம் என்று தோன்றுகிறது. நிலத்தில் இயந்திரம் இறங்குவதற்கு வெகு காலம் முன்பே வார்த்தை இறங்கி அதைக் காலி செய்துவிடுகிறது. 'சர்க்கார் நிலம்', 'வனநிலம்', 'தரிசு' என்று ஒரு பத்தியில் எழுதியவுடனேயே அங்கே பூப்பொறுக்குகிற பெண் மறைந்து போகிறாள். மண்வாரி இயந்திரம் பிறகு வருவது வெறும் சம்பிரதாயம்.

மின்சாரத்தை மறந்துவிட்டுப் பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இதை எழுதும்போது என் தலைக்கு மேலே விசிறி சுற்றுகிறது. இந்த நாட்டு மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. நாளைக் காலையில் எல்லாச் சுரங்கத்தையும் மூடு என்று சொல்கிற முட்டாள் அல்ல நான். ஆனால் இந்தச் சுரங்கம், இந்தக் காட்டில், இன்னும் ஒன்று வேண்டுமா என்பது தனிக் கேள்வி. ஹஸ்தேவின் இந்த மூன்று துண்டுகளும் ராஜஸ்தான் மின்வாரியத்துக்கு ஒதுக்கப்பட்டவை. 2023 ஜூலையில் சத்தீஸ்கர் அரசு சுப்ரீம் கோர்ட்டில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம், ஏற்கனவே திறந்த சுரங்கத்திலேயே 35 கோடி டன் மிச்சமிருக்கிறது, அது இருபது வருஷத்துக்குப் போதும் என்றது. சூரிய மின்சாரத்தில் நாட்டிலேயே முன்னால் நிற்பதும் அதே ராஜஸ்தான்தான். தலைமேல் வெயிலும் பத்தாயத்தில் இருபது வருஷத்துச் சாப்பாடும் இருக்கும்போது, அடுத்தவன் கொல்லையை ஏன் தோண்ட வேண்டும்? இதைக் கேட்டால் தேச முன்னேற்றத்துக்கு விரோதி என்கிறார்கள். அவசியம் வேறு, பசி வேறு, பேராசை வேறு. மூன்றுக்கும் ஒரே பெயர் வைப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

இனி என் நண்பருக்கு வருகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் பேட்டையில் ஒரு சின்னப் பூங்காவை எடுத்து, அதில் கடைகள் கட்டலாம் என்று ஒரு யோசனை எழுந்தது. அந்தப் பூங்காவில் நான்கு வேப்ப மரம், இரண்டு சிமெண்டு பெஞ்சு. என் நண்பர் தினமும் எட்டுச் சுற்று நடக்கிற இடம். அவர் என்ன செய்தார் தெரியுமா? வீடு வீடாக ஏறி இறங்கி இருநூறு கையெழுத்து வாங்கினார். மனு எழுதினார். "பொதுமக்கள் சொத்து ஸார், இதைத் தொட இவங்க யாரு?" என்று என் வீட்டு வாசலில் நின்று கர்ஜித்தார். நானும் கையெழுத்துப் போட்டேன். யோசனை கைவிடப்பட்டது. இன்றைக்கும் அவர் அங்கேதான் நடக்கிறார்.

மறுநாள் காலையில் பால் பாக்கெட்டோடு வந்தவரை நிறுத்தி, "அந்தப் பூங்கா யார் அப்பன் வீட்டுச் சொத்து ஸார்?" என்று கேட்டேன்.

முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் சிரிக்கவில்லை. "அது வேற, இது வேற" என்றார். "எப்படி வேறே?" என்றேன். கொஞ்ச நேரம் நின்றார். "நான் அங்கே தினம் நடக்கிறேனே" என்று மெதுவாகச் சொன்னார்.

அதைத்தான் ஸார் அவர்களும் சொல்கிறார்கள்.